தடைக்காலத்தில் ஊமைப்படம் போடுவது எப்படி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கரையில் கிடக்கும், மண்டபம், பாம்பன் பக்கம் ராத்திரியில் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். வாள், குதிரை, கோட்டை என்று ஓடும் பழைய ஊமைப்படம் போட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

முதலில் 1913-ல் ஹெர்பர்ட் பிரெனன் எடுத்த ‘ஐவன்ஹோ’. வால்டர் ஸ்காட்டின் நாவல். அமெரிக்கக் கம்பெனி வேல்ஸுக்கே போய் செப்ஸ்டோ கோட்டையில் எடுத்ததால் பின்னால் தெரிவது நிஜக் கோட்டை. அதே வருஷம் பிரிட்டிஷ்காரர்களும் ஒரு ஐவன்ஹோ எடுத்தார்கள், இணையத்திலிருந்து இறக்கும்போது பார்த்து இறக்குங்கள். அப்புறம் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் நடித்த ‘ராபின் ஹூட்’, 1922. இது பழைய பாட்டுக்கதையிலிருந்து வந்தது, ஆனால் ஐவன்ஹோ நாவலுக்குள்ளேயே லாக்ஸ்லி என்ற பெயரில் ராபின் ஹூட் வருகிறான், அதனால் அடுத்தடுத்த நாள் போட்டால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், நாயகன் காட்டுக்குள் போவதற்கே பாதி முடிந்துவிடும். நான் சொல்வது, முதல் பாதியை வாயால் சொல்லிவிட்டு நேராக இரண்டாம் பாதிக்குப் போங்கள். கோட்டையின் பெரிய திரைச்சீலையில் ஃபேர்பேங்ஸ் வழுக்கிக்கொண்டு இறங்குவார், சீலைக்குப் பின்னால் சறுக்குமரம் ஒளித்திருந்ததைப் பொடிசுகளிடம் முன்கூட்டியே உளறிவிடாதீர்கள்.

இந்தியாவில் சினிமாவுக்குப் பதிப்புரிமை 60 வருஷம், ஆகவே படத்தில் சிக்கல் இல்லை. பிற்பாடு சேர்த்த இசைக்கு உரிமை தனி. சத்தத்தை அணைத்துவிட்டு, மாதா கோயில் பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசிக்கிற பையனையும் தப்பு மேளம் அடிக்கத் தெரிந்த ஒருவரையும் உட்கார வையுங்கள்.

திரைக்குத் துணி கட்டாதீர்கள், கச்சான் காற்று வீசினால் பாய்மரம் மாதிரிப் புடைத்துக் கிளம்பிவிடும். சுண்ணாம்பு அடித்த சுவர் போதும். ஆட்கள் விறுவிறுவென்று கோமாளி மாதிரி நடந்தால் வேகத்தை 0.75-க்குக் குறையுங்கள், நொடிக்கு 16, 18 படம் என்று எடுத்ததை 24-ல் ஓட்டுவதால் வரும் கோளாறு அது.

எல்லாவற்றையும்விட முக்கியம் கதை சொல்லும் ஆள். அந்தக் காலத்தில் நம்மூர்க் கொட்டகைகளிலும் திரையோரம் ஒருவர் நின்று கதை சொன்னார், அதைத்தான் நாமும் செய்யப்போகிறோம். படித்த பிள்ளையை நிறுத்தினால் படத்தின் நடுவே வசனம் எழுதிக் காட்டும் ஆங்கில அட்டைகளை வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கொன்றுவிடும். மீன் ஏலம் கூறுகிறவரைப் பிடியுங்கள், அவருக்குக் குரலும் உண்டு, கூட்டத்தை இழுத்து வைக்கவும் தெரியும். முந்தின நாளே இரண்டு தடவை படத்தைக் காட்டி, “அண்ணன் ராஜா சண்டைக்குப் போயிட்டான், தம்பி நாட்டைச் சுரண்டுறான்” என்ற அளவுக்குக் கதையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நார்மன், சாக்ஸன் எல்லாம் விளக்க வேண்டாம், வந்து பிடித்தவன், இருந்து இழந்தவன் என்றால் புரிந்துவிடும். அட்டை வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் பேசிவிட வேண்டும், சண்டை நடக்கும்போது வாயைத் திறக்கவே கூடாது. இந்த இரண்டை மட்டும் கறாராகச் சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிடுங்கள்.