அமுக்கராவும் என் அரைத் தூக்கமும்

வேலை நெருக்கடியில் ராத்திரி இரண்டு மணிக்கே முழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை கவலைதான். சித்த மருத்துவரிடம் போனேன். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் அமுக்கரா சூரணம், அதாவது அஸ்வகந்தா கிழங்கு சேர்ந்த பொடி, கொடுத்தார். இரவு சாப்பாட்டுக்குப் பின் வெதுவெதுப்பான பாலில் கலந்து குடிக்க வேண்டும். சுக்கு, மிளகு, ஏலம் எல்லாம் சேர்ந்திருந்தும் கிழங்கின் வாடை போகவில்லை.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. சில வாரம் கழித்துத்தான் முழிப்பு குறைந்தது. மாலைக் காபியையும் நிறுத்தியிருந்தேன்; பாதிப் பெருமை அதற்குப் போகட்டும்.

2012-இல் இந்தியாவில் வெளியான ஓர் ஆய்வில் 64 பேர் கலந்துகொண்டார்கள். அமுக்கரா வேர்ச்சாறு 300 மில்லிகிராம் வீதம் இருவேளை, 60 நாள் சாப்பிட்டவர்களுக்கு மன அழுத்தமும் ரத்தத்தில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனும் குறைந்தன. ஆனால் அது செறிவூட்டிய சாறு. சூரணத்தை அந்தக் கணக்கில் அளக்கக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். தைராய்டு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.