புயல் வருமுன் பேட்டரி நிறையட்டும்: சோலார் இன்வெர்ட்டரை ஹோம் அசிஸ்டென்ட்டில் இணைக்கும் முறை

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அதன்பின் இந்தப் பக்கத்து ஊர்கள் பல நாட்கள் கரன்ட் இல்லாமல் கிடந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. மாடியில் சோலார் இருந்தும் புயல் ராத்திரியில் பேட்டரி காலி என்றால் வயிறு எரியும். ஒரு சுவிட்சைத் தட்டினால் பேட்டரிக் கையிருப்பு உயர வேண்டும். அதற்கான வழி இது.

பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு, மட்டும் இயங்கும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக, கரன்ட் போனதும் தானே நின்றுவிடும். ஆகவே உங்களிடம் சோலார், பேட்டரி, கிரிட் மூன்றையும் சேர்த்து இயக்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்க வேண்டும். கூடவே ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்), அதை இன்வெர்ட்டரின் ஆர்எஸ்485 ஒயர் இணைப்போடு சேர்க்க யூஎஸ்பி-ஆர்எஸ்485 அடாப்டர் ஒன்று, முறுக்கிய ஜோடி ஒயர், உங்கள் மாடலுக்கான மோட்பஸ் பதிவேட்டுப் பட்டியல். மோட்பஸ் என்பது இன்வெர்ட்டரோடு பேசும் மொழி; பதிவேடு என்பது ஒவ்வொரு அளவும் அமைப்பும் இருக்கும் எண்ணிட்ட இடம். பட்டியல் கையில் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். வேறு மாடலின் எண்களைப் போட்டுப் பார்ப்பது ஆபத்து.

ஒயரிங். இன்வெர்ட்டரின் ஆர்எஸ்485 போர்ட்டில் எந்தப் பின் ஏ, எந்தப் பின் பி என்று மேனுவலில் பாருங்கள். ஏ-யை ஏ-யோடும் பி-யை பி-யோடும் சேருங்கள். பதிலே வராவிட்டால் இரண்டையும் மாற்றிப் பார்க்கலாம், கெடுதல் இல்லை. ஏசி, டிசி ஒயர் இருக்கும் மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக்காற்று செம்பைச் சீக்கிரம் பச்சை பிடிக்க வைக்கும். இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

படிப்பது. ஹோம் அசிஸ்டென்ட்டின் கான்ஃபிகரேஷன் கோப்பில் மோட்பஸ் பகுதியைச் சேர்த்து, அடாப்டரின் போர்ட், வேகம், இன்வெர்ட்டரின் முகவரி எண் ஆகியவற்றைக் கொடுங்கள். பல மாடல்களில் வேகம் 9600, முகவரி 1. பிறகு பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு சென்சராகச் சேருங்கள்: சோலார் உற்பத்தி, பேட்டரி சதவீதம், பேட்டரி வாட்ஸ், கிரிட் வோல்டேஜ்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வோல்டேஜ் 2301 என்று வந்தால் பதற வேண்டாம், 0.1-ஆல் பெருக்கச் சொன்னால் 230.1 ஆகிவிடும். பேட்டரி வாட்ஸ் 65036 என்று காட்டினால் அது உண்மையில் -500. குறியுள்ள (கழித்தலும் வரக்கூடிய) 16 பிட் எண் என்று அறிவித்தால் சரியாகும். சார்ஜா, டிஸ்சார்ஜா என்பதை அந்தக் கழித்தல் குறிதான் சொல்லும். எது எதற்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

எண்கள் இன்வெர்ட்டர் திரையோடு சில நாட்கள் ஒத்துப்போன பிறகுதான் எழுதும் வேலைக்குப் போங்கள்.

எழுதுவது. பல ஹைப்ரிட்களில் இரண்டு எல்லைகள் உண்டு. கிரிட் இருக்கும்போது பேட்டரியை எவ்வளவு வரை இறக்கலாம் என்பது ஒன்று, கரன்ட் போன பின் எவ்வளவு வரை என்பது இன்னொன்று. நாம் தொடப்போவது முதலாவதை மட்டும். ஹோம் அசிஸ்டென்ட்டின் ஹெல்பர் பக்கத்தில் ‘புயல் நேரம்’ என்று ஒரு சுவிட்ச் உருவாக்குங்கள். அது ஆன் ஆனால் எல்லை 80 சதவீதம், ஆஃப் ஆனால் 30 சதவீதம் என்று மோட்பஸ் எழுதும் செயலோடு இரண்டு ஆட்டோமேஷன் (தானாக ஓடும் கட்டளை) போடுங்கள். கிரிட்டிலிருந்தும் சார்ஜ் ஆக வேண்டுமென்றால் அந்த அனுமதி தனிப் பதிவேடு. மேகம் மூடிய கார்த்திகை நாளில் அதுவும் தேவைப்படும்.

நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் ஆட்டோமேஷன் வேண்டவே வேண்டாம். அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகத்துக்கு எழுதும் தடவைகளில் வரம்பு உண்டு. கிரிட் வோல்டேஜ், ஃப்ரீக்வென்சி பாதுகாப்பு எல்லைகள் பக்கமே போகாதீர்கள்.

கடைசியாக, ஒரு வெயில் நாளில் சோதனை. சுவிட்சை ஆன் செய்து, இன்வெர்ட்டர் திரையில் எல்லை மாறியதா என்று பாருங்கள். பிறகு மெயினை இறக்குங்கள். ராஸ்பெர்ரி பையும் ரவுட்டரும் அணையாமல் இருக்க வேண்டும். அணைந்தால், அவை இன்வெர்ட்டரின் பேக்கப் லைனில் இல்லை. மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.