வெள்ளிக்கிழமை விருந்தும் மாலையில் பிறக்கும் நாளும்: இஸ்ரேலில் ஒரு யூத வீட்டுக்குச் செல்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆராய்ச்சிக்காகவோ, முதியோரைப் பராமரிக்கும் பணிக்காகவோ இஸ்ரேலுக்குச் சென்று தங்கியிருக்கும் ஒருவரை, அங்கே அறிமுகமான பெண்மணி வெள்ளிக்கிழமை இரவு உணவுக்குத் தம் வீட்டிற்கு அழைப்பது மிக இயல்பாக நடக்கும் ஒன்று. அழைப்பை ஏற்றவர் செய்யும் முதல் தவறு, அந்த வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே, நாட்காட்டியைப் பார்க்கும்போதே நேர்ந்துவிடுகிறது. நமக்கு நாள் விடியலில் தொடங்குகிறது. யூத மரபில் நாள் அந்தியில் பிறக்கிறது. "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று" என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் மாலையை முன்னே வைத்துச் சொல்வதை அவர்கள் கணக்காகவே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஷபாத் எனப்படும் ஓய்வுநாள் வெள்ளியன்று சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே தொடங்கி, சனிக்கிழமை இரவு வானில் மூன்று விண்மீன்கள் தெரியும் வரை ஏறத்தாழ 25 மணி நேரம் நீடிக்கிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கைத் தவறவிடுவதால் வருபவை.

"வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறினால் எட்டு மணிக்குள் போய்விடலாம்" என்று திட்டமிடுவது அவற்றுள் முதலாவது. ஜெருசலேமில் டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றும் நேரம் மாலை நான்கு மணியையொட்டியே வந்துவிடும். ஜூன் இறுதியிலோ ஏழு மணியையும் தாண்டும். இந்த நேரத்திற்கு வெகு முன்பாகவே, பிற்பகலிலேயே, ரயில்களும் பெரும்பாலான பேருந்துகளும் நின்றுவிடுகின்றன. ஹைஃபாவில் சில பேருந்துகள் ஓடும். டெல் அவிவ் பகுதியில் 2019 நவம்பர் முதல் நகராட்சிகளே வார இறுதிப் பேருந்துகளை இலவசமாக ஓட்டி வருகின்றன. ஷெரூட் எனப்படும் பங்கு வேன்களும் சில தடங்களில் உண்டு. ஆனால் இவற்றை நம்பிப் புறப்படுவதைவிட, பகலிலேயே போய்ச் சேர்ந்து, இரவு அங்கேயே தங்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாள் என்று சொல்லிப் பழகிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: இஸ்ரேலில் ஞாயிறு விடுமுறை இல்லை. எபிரேயத்தில் அதன் பெயரே "முதல் நாள்" என்பதுதான். பள்ளியும் அலுவலகமும் வங்கியும் அன்றுதான் வாரத்தைத் தொடங்குகின்றன.

அழைத்த பெண்மணியை வெள்ளி நண்பகலில் தொலைபேசியில் பிடித்து நெடுநேரம் உரையாடுவதும் தவிர்க்க வேண்டியதே. மரபைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது, மின்விசையைத் தொடக் கூடாது என்பதால், இரவு உணவும் மறுநாள் மதிய உணவும் விளக்கேற்றுவதற்குள் தயாராகிவிட வேண்டும். காலையில் ஜெருசலேமின் மஹனே யெஹூதா சந்தையில் தோள் உரசும் கூட்டத்தினூடே காய்கறியும் மீனும் வாங்கி வந்து, மாவு பிசைந்து, ஹல்லா எனப்படும் பின்னல் ரொட்டிகளைச் சுட்டெடுத்து, மறுநாளைக்கான இறைச்சியும் பயறும் கலந்த ஹமினை இரவு முழுவதும் இளஞ்சூட்டில் வேகவிட்டு வைத்து, விளக்குகளைத் தானியங்கி நேரக் கருவியில் பொருத்தி முடிப்பதற்குள் மாலை வந்துவிடுகிறது. மாவிலிருந்து ஒரு சிறு பங்கைக் கிள்ளித் தனியே எடுத்துவிடுவது, ஜெருசலேமில் யூத ஆலயம் இருந்த காலத்தில் ஆசாரியருக்குக் கொடுத்த பங்கின் நினைவாகப் பெண்கள் இன்றும் செய்துவரும் கடமை. அது சமையலில் மிஞ்சிப்போன மாவு அன்று. விருந்தாளி எடுத்து உருட்டி விளையாடிவிடக் கூடாது.

விளக்கேற்றும் நேரம், பொதுவாக அந்திக்கு 18 நிமிடங்கள் முன்பு. ஜெருசலேமில் 40 நிமிடங்கள் முன்பு என்பது வழக்கம். அந்தப் பெண்மணி தீபங்களை ஏற்றி, கைகளை மும்முறை தம்மை நோக்கி வளைத்து, கண்களை மூடிக்கொண்டு ஆசி கூறுவார். ஆசியைச் சொல்லிவிட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், பிறகு தீயைத் தொட முடியாது. அதனால்தான் முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு சொல்கிறார். இந்தக் காட்சியைக் கைப்பேசியில் படம் பிடிக்கத் துடிக்கும் விருந்தாளிகள் உண்டு. அவர்களிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, மறுநாள் இரவுதான் வெளியே எடுக்க வேண்டும். அழைப்பு மணியை அழுத்தாமல் கதவைத் தட்டுவதும், மலர்களையோ பரிசையோ விளக்கேற்றுவதற்கு முன்பே கொண்டு சேர்ப்பதும் அதே கணக்கில் சேரும்.

மேசையில் அமர்ந்த பின் நேரும் தவறுகளில் ஒன்று எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும். திராட்சரசத்தின் மீது ஆசி சொல்லி முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து அமர்வார்கள். கழுவியதற்கும் ரொட்டியைப் பிட்டு வாயில் இடுவதற்கும் இடையே பேசக் கூடாது என்பது விதி. இதை அறியாத விருந்தாளி அந்த நேரம் பார்த்து, "நீங்கள் எந்த ஊரில் பிறந்தீர்கள்?" என்று கேட்பார், வீட்டுக்காரப் பெண்மணி புன்னகைத்துக்கொண்டே கையால் ஏதோ சைகை காட்டுவார், கேட்டவர் அவமதிக்கப்பட்டதாக எண்ணி முகம் சுருங்கிவிடுவார். அது அவமதிப்பு அன்று, பசியோடு காக்கப்படும் மௌனம். ஆசிக்கு முன் கோப்பையை எடுத்துக் குடிப்பதும், திராட்சரசப் புட்டியைத் தாமே எடுத்து மற்றவர்களுக்கு ஊற்றுவதும் வேண்டாம். யூதரல்லாதவர் கைபட்ட திராட்சரசம் குறித்துப் பழைய கட்டுப்பாடுகள் உள்ளதால், ஊற்றும் வேலையை வீட்டாரிடமே விட்டுவிடுவது மரியாதை.

கழிப்பறையை விட்டு வரும்போது பழக்கத்தால் விளக்கை அணைத்துவிடுவது இன்னொரு பொதுவான தவறு. அடுத்து வருபவர் இருளில்தான் செல்ல வேண்டியிருக்கும்; ஏனெனில் வீட்டார் அதை மீண்டும் போட முடியாது, உங்களைப் போடச் சொல்லி நேராகக் கேட்கவும் தயங்குவார்கள். "அங்கே ஒரே இருட்டாக இருக்கிறது" என்று யாரேனும் காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னால், அது வானிலை பற்றிய பேச்சு இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நம்மவர் மிகுதியாகத் தடுமாறும் இடம் அடுக்களை. "நான் கொண்டு வருவது சைவம்தானே, யார் வேண்டுமானாலும் சாப்பிடலாமே" என்ற எண்ணம் இங்கே செல்லாது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்று யாத்திராகமத்தில் இரு முறையும் உபாகமத்தில் ஒரு முறையும் வரும் கட்டளையிலிருந்து, இறைச்சியும் பாலும் ஒரே மேசையில் கலக்கக் கூடாது என்ற முழு ஒழுங்கும் விரிந்திருக்கிறது. வெள்ளி இரவு உணவில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். அந்த மேசைக்கு நெய்யில் செய்த மைசூர்பாகைக் கொண்டு போனால், எவ்வளவு அன்போடு கிண்டியதாக இருந்தாலும், அது பால் பொருள். தயிரில் ஊறவைத்த கோழி அதைவிடப் பெரிய பிழை. நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயில் செய்தாலும் சிக்கல் தீராது. ஏனெனில் கோஷெர் எனப்படும் யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்காத அடுக்களையின் பாத்திரத்தில் சமைத்தது என்பதே தடைதான். துடுப்பும் செதிலும் உள்ள மீன் உண்ணலாம், இறாலும் நண்டும் கூடாது என்பதைப் பலர் அறிவார்கள். கீரையையும் பருப்பையும் பூச்சி இல்லையென்று உறுதி செய்த பிறகே சமைக்கிறார்கள் என்பதை அறிபவர் குறைவு. வெட்டாத முழுப் பழங்களோ, அந்த வீட்டார் ஏற்கும் கோஷெர் முத்திரையுள்ள, பிரிக்காத பொட்டலமோ கொண்டு செல்வது பாதுகாப்பானது. பாலும் இறைச்சியும் சேராத பொருளுக்குப் பார்வே என்று பெயர். கடையில் அந்தச் சொல்லைத் தேடி வாங்கினால் எந்த விருந்திலும் வைக்கலாம்.

உண்டு முடித்ததும் பாத்திரம் கழுவ எழுவது நம் பக்கத்தில் நற்பண்பு. அங்கே முதலில் கேட்டுவிட்டு எழ வேண்டும். பல வீடுகளில் பாலுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று என இரண்டு கழுவுத்தொட்டிகளும், இரண்டு வரிசைப் பாத்திரங்களும், இரண்டு பஞ்சுகளும் இருக்கும்; தவறான கரண்டியைத் தவறான தொட்டியில் போட்டால், அந்தக் கரண்டி இனிப் பயன்படுமா என்பதைக் கேட்டறிய யூத மதகுருவான ரபி வரை செல்ல நேரலாம். இறைச்சி உண்ட பிறகு பால் சேர்த்த காபி கேட்பதும் பொருந்தாது. பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள், ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பங்களில் மூன்று மணி நேரம் என்பது வழக்கம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இஸ்ரேலின் எல்லாப் பெண்களும் இப்படித்தான் என்று முடிவு கட்டுவது எல்லாவற்றிலும் பெரிய தவறாகிவிடும். மதச்சார்பற்ற பெண் சனிக்கிழமை காலை காரோட்டிக் கடற்கரைக்குச் செல்வார், ஆனால் முந்தின இரவு தாய் வீட்டு விருந்தைத் தவறவிட்டிருக்க மாட்டார். "நீங்கள் யூதர்தானே, இறால் சாப்பிடுகிறீர்களே?" என்று அவரைச் சோதிப்பது நமக்கு அழகன்று. மறுபக்கம், தலையில் துணி கட்டியோ பொய்முடி அணிந்தோ இருக்கும் மணமான பெண்ணிடம் "இது உங்கள் சொந்த முடியா?" என்று கேட்பதும், ஆண்கள் அவரிடம் முதலில் கை நீட்டுவதும் கூடாது. நாட்டின் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அரபு மக்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இந்தியாவிலிருந்து குடியேறிய யூதப் பெண்களும் உண்டு: நெகேவ் பாலைவனத்தின் நெவாதிமில் கொச்சி யூதர்கள் குடியேறினார்கள், அவர்களின் பெண்கள் மலையாளத்தில் யூதப் பாடல்கள் பாடிய மரபு உடையவர்கள், மராத்தி மரபுடைய பெனே இஸ்ரேல் வீடுகளிலோ நற்காரியங்களுக்கு அவலும் தேங்காயும் சர்க்கரையும் கலந்த மலிதா வைத்து எலியா தீர்க்கதரிசியை நினைப்பார்கள்.

பெண்களின் தனிப்பட்ட வழக்கங்களைப் பற்றிப் பேசும்போது நம்முடைய சொற்களை அங்கே பொருத்திவிடக் கூடாது. மாதவிலக்கு சார்ந்த நித்தா விதிகளைக் கேள்விப்பட்டவுடன், "எங்கள் ஊர்த் தீட்டுதான்" என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த விதிகள் முதன்மையாகக் கணவன் மனைவிக்கு இடையிலான நெருக்கத்தைப் பற்றியவை; அந்நாட்களில் பெண் சமைக்கிறாள், தீபம் ஏற்றுகிறாள், ஒரே மேசையில் உண்கிறாள். பிறகு மிக்வே என்னும் நீர்த்தொட்டியில் அவள் மூழ்கி எழுவது அந்தரங்கமான செயல். அது பற்றி விசாரிக்கக் கூடாது. கருவுற்றிருக்கும் பெண்ணிடம், நடந்து முடிந்த நற்காரியத்திற்குச் சொல்லும் "மஸல் டோவ்" என்ற வாழ்த்தைச் சொல்வதும் பொருந்தாது. "நல்ல வேளையில் நடக்கட்டும்" என்ற பொருளில் "பெஷாஅ தோவா" என்பார்கள். குழந்தை பிறக்கும்வரை தொட்டிலும் துணியும் வாங்காத குடும்பங்கள் பல, எனவே முன்கூட்டியே பரிசு கொடுப்பது அவர்களைச் சங்கடப்படுத்தும்.

வெளியே உலாவச் செல்கையில் நேரும் தவறுகள் எளிதில் திருந்துபவை. ஜெருசலேமின் மேற்குச் சுவரில் பெண்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை, ஓய்வுநாளில் படமெடுக்கத் தடை. இயற்கைக் காப்பகங்கள் வெள்ளியன்றும் பண்டிகைக்கு முந்தின நாளிலும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். சாக்கடலில் உப்பு சாதாரணக் கடல்நீரைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. அங்கே முகம் குப்புற நீந்த முயல்வதும், அன்று காலையில் சவரம் செய்துகொண்டு போவதும் வேதனையில் முடியும். கரையோரத்தில் நிலம் திடீரென உள்வாங்கிய குழிகள் ஏராளமாக இருப்பதால், வேலி கட்டிய இடத்தைத் தாண்டக் கூடாது.

பண்டிகை நாட்களிலும் மாலைக் கணக்கையே பின்பற்ற வேண்டும். பாவநிவாரண நாளான யோம் கிப்பூரை எடுத்துக்கொள்வோம்: "புதன்கிழமை யோம் கிப்பூர்" என்றால் செவ்வாய் மாலையே சாலைகள் வெறிச்சோடிவிடும், விமான நிலையம் மூடப்படும், நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். அது நோன்பு நாள் என்பதால் "மகிழ்ச்சியான" என்ற அடைமொழியைச் சேர்க்காமல் "க்மர் ஹதிமா தோவா" என்று வாழ்த்துவார்கள். புளித்த மாவுப் பண்டங்களைத் தவிர்க்கும் பெசாக் (பஸ்கா) பண்டிகையின் ஏழு நாட்களும் பொது இடத்தில் ரொட்டியோ சப்பாத்தியோ எடுத்து வைத்து உண்பது பிறரைப் புண்படுத்தும். போரில் இறந்தோரின் நினைவு நாள் மாலை எட்டு மணிக்கு ஒரு நிமிடச் சங்கொலியோடு தொடங்குகிறது, மறுநாள் காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் ஒலிக்கிறது. சாலையில் கார்கள் நின்று, ஓட்டியவர்கள் இறங்கி அசையாமல் நிற்கையில் நாம் மட்டும் நடந்துகொண்டிருக்கக் கூடாது. நினைவுச் சங்கு ஒரே சீராக ஒலிக்கும். ஏறி இறங்கி ஒலித்தால் அது தாக்குதல் எச்சரிக்கை, உடனே பாதுகாப்பு அறைக்குள் செல்ல வேண்டும். நினைவு நாளன்று அந்தி சாய்ந்ததும் அதே மக்கள் சுதந்திர நாளைக் கொண்டாடத் தொடங்குவதைப் பார்த்து, இவர்களுக்குத் துக்கம் இவ்வளவுதானா என்று எடைபோடுவதும் தவறு. அவர்களின் கணக்கில் நாள் மாறிவிட்டது.

சனி இரவு விண்மீன்கள் தெரிந்ததும், பின்னல் மெழுகுவர்த்தியும் வாசனைப் பொருளும் வைத்து ஹவ்தாலா என்னும் விடைகொடுக்கும் சடங்கைச் செய்வார்கள். அது முடிவதற்கு முன் விடைபெற அவசரப்பட வேண்டாம்; பேருந்துகளும் அதன் பிறகுதான் ஓடத் தொடங்கும். தீபத்தைத் திராட்சரசத்தில் அணைத்ததும் "ஷவுவா டோவ்", நல்ல வாரம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரப் பெண்மணியே முதல் ஆளாகத் தம் கைப்பேசியை எடுத்து உங்கள் பேருந்து நேரத்தைப் பார்ப்பார்.