பகலில் கண் சொக்காமல் இருக்க வீட்டு லைட்டை மாற்றும் முறை

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் எங்கள் வாடகை வீட்டு ஜன்னலைத் திறந்தால் இரண்டடி தள்ளி பக்கத்து வீட்டுச் சுவர். காலை பதினொரு மணிக்கும் லைட் போட்டுத்தான் லேப்டாப் முன் உட்கார வேண்டும். சாப்பிட்டுவிட்டு மூன்று மணி மீட்டிங்கில் உட்கார்ந்தால் தலை ஆடும். வெள்ளை லைட் போட்டால் சுறுசுறுப்பு வரும் என்று யாரோ சொல்ல, 6500 கெல்வின் பல்பு ஒன்றை உச்சியில் மாட்டினேன். (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறக் கணக்கு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை.) ஒரு மாற்றமும் இல்லை. நிறத்தைப் பார்த்தேனே தவிர, எவ்வளவு வெளிச்சம் கண்ணுக்கு வருகிறது என்று பார்க்கவில்லை.

விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் சில உண்டு. இது பகல்தான் என்று உடல் கடிகாரத்துக்குச் சொல்வது முக்கியமாக இவைதான். 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிதான் இவற்றை அதிகம் எழுப்பும். வெள்ளை பல்பில் அது கூடுதல், மஞ்சளில் குறைவு.

1. முதலில் அளந்து பாருங்கள். போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றைப் போடுங்கள். ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் கண் பக்கத்தில் பிடியுங்கள். ஆண்ட்ராய்டு போனில் சென்சார் செல்ஃபி கேமரா பக்கம் இருக்கும். அதனால் திரை எதிர்ச்சுவரைப் பார்க்கட்டும். எனக்கு 70 லக்ஸ் காட்டியது. மேகமூட்டமான நாளில்கூட மொட்டைமாடியில் 10,000 வரும்! பகலில் கண்ணருகே குறைந்தது 250 வேண்டும் என்பது ஒளி ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட பரிந்துரை. அது மெலனாப்சின் செல்களை வெளிச்சம் எவ்வளவு எழுப்புகிறது என்ற கணக்கில் சொன்ன அளவு. 6500 கெல்வின் வெளிச்சம் அதில் ஏறக்குறைய முழுசாகச் சேரும். 3000 கெல்வின் மஞ்சள் பாதியளவுதான். போன் சென்சார் துல்லியமில்லை, குத்துமதிப்புக்குப் போதும்.

2. மேஜையை நகர்த்துங்கள். செலவில்லாத வேலை. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். என் மாதிரி சுவர் ஜன்னல்காரர்கள் காலைக் காபியை மாடியில் குடிக்கலாம்.

3. பல்பு வாங்குவது. எஸ்.பி. ரோட்டுக் கடையில், "வெள்ளையா மஞ்சளா அண்ணா?" என்பதோடு கேள்வி முடிந்துவிடும். நீங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். வாட்டை விட லூமென், அதாவது பல்பு தரும் மொத்த வெளிச்சம், முக்கியம். 9 வாட் எல்இடி பல்பு சுமார் 800 முதல் 900 லூமென் தரும். வேலை மேஜைக்கு 4000 அல்லது 6500 கெல்வின். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் எண்ணான சி.ஆர்.ஐ. 80-க்குக் கீழே என்றால் வேண்டாம், 90 கிடைத்தால் நல்லது. எரியும் பல்பை ஸ்லோமோஷனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். பட்டை பட்டையாகத் துடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தலைவலியிலிருந்து தப்பிக்கலாம்.

4. மாட்டுமிடம். நான் கோட்டை விட்டது இங்கேதான். உச்சி பல்பு என் பின்மண்டைக்குத்தான் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. சின்ன பல்பைப் பொறுத்தவரை தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும். அதனால் இரண்டு பல்புகளை மேஜைக்கு எதிரே, வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தேன். கண் கூசவில்லை, ஆப்பில் 290 வந்தது.

தூக்கம் ஒரேயடியாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்து அலுவலகம் ஒன்றில் 17,000 கெல்வின் விளக்குகளை நான்கு வாரம் போட்டபோது விழிப்பும் மனநிலையும் வேலையும் மேம்பட்டதாக ஊழியர்கள் சொன்னார்கள்; அந்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. பகல் வெளிச்சத்தின் நிறம் பற்றிய எல்லா ஆய்வுகளும் இப்படி ஒரே குரலில் பேசுவதில்லை. எனக்கு மூன்று மணித் தலையாட்டம் குறைந்தது, சாம்பார் சாதம் அதிகமான நாள் தவிர.

5. சாயங்காலம் மாற்றுங்கள். படுக்க மூன்று மணி நேரம் முன்பிருந்து கண்ணருகே, 250 சொன்ன அதே கணக்கில், 10-க்கு மேல் வேண்டாம். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் தனித்தனி சுவிட்ச் வையுங்கள். நான் முதலில் வைக்கவில்லை. திருப்பத்தூரிலிருந்து வந்த அம்மா ராத்திரி தட்டைப் பார்த்துவிட்டு, "என்னடா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, ரசம் எது சாம்பார் எதுன்னே தெரியல" என்றார். மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.