லாரி கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் மாற்றிய என் அனுபவம்

லோடோடு மேடு ஏறும்போது இன்ஜின் இரைச்சல் மட்டும் கூடியது, வேகம் கூடவில்லை. கருகல் நாற்றமும் அடித்தது. சரி, இன்ஜின் சக்தியை கியர் பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று வேலையில் இறங்கினேன்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரி வயரைக் கழற்றி, ஏர் டேங்கைக் காலி செய்த பிறகே கை வைத்தேன். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு), ஏர் ஹோஸ் எல்லாம் சுலபமாக வந்தன. கியர் பாக்ஸ்தான் பெரிய வேலை. ஏறக்குறைய 300 கிலோ. அதற்கான ஜாக்கில் சங்கிலி போட்டுக் கட்டினேன். பாக்ஸை இன்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டைக் கழற்றி, அங்கே தலை வெட்டிய நீள போல்ட்டுகளை முடுக்கினேன். பாக்ஸ் அவற்றின் மேல் நேராக வழுக்கி வந்தது. பாக்ஸை அதன் இன்புட் ஷாஃப்ட்டில் (கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையும் தண்டு) தொங்கவிடவே கூடாது.

பழைய பிளேட்டில் ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன. பிளேட் அழுந்தும் இன்ஜின் சக்கரமான பிளைவீலின் ஓரத்தில் ஆயில் ஈரம். இன்ஜின் ஆயிலைத் தடுக்கும் பின்பக்க சீல் கசிந்திருக்கிறது! கவனிக்காமல் விட்டிருந்தால் புது பிளேட்டும் நனைந்திருக்கும். சீல், பைலட் பேரிங் (இன்புட் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்குவது), ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிப்பது) மூன்றையும் மாற்றினேன்.

புது பிளேட்டை மாட்டி, பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது கடைசி இரண்டு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. போல்ட்டை முடுக்கி இழுத்தால் ஹவுசிங் விரிசல் விடும். கியரில் போட்டு, பாக்ஸின் பின்பக்க ஃபிளாஞ்சை (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் வட்டு) கையால் மெல்லத் திருப்பினேன். இன்புட் ஷாஃப்ட்டின் பல் பிளேட்டின் பல்லோடு பொருந்தியதும் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது.