தி விட்னெஸ்: வாக்த்ரூ பார்க்காமல் முடிக்க

ஆளரவமில்லாத ஒரு தீவு. தீவு முழுக்கப் புதிர்ப் பேனல்கள். ஒவ்வொரு பேனலிலும் ஒரு வட்டத்தில் தொடங்கி, ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் முனை வரை கோடு இழுக்க வேண்டும். கோடு தன்னையே வெட்டக் கூடாது, போன இடத்துக்குத் திரும்பவும் கூடாது. வேலை அவ்வளவுதான். 2016 ஜனவரியில் கேம் வடிவமைப்பாளர் ஜொனாதன் ப்ளோவும் அவருடைய குழுவும் வெளியிட்ட 'தி விட்னெஸ்' என்ற இந்த வீடியோ கேமில் பேனல்கள் மட்டும் 500-க்கு மேல் இருக்கின்றன. பேனல்களில் புள்ளி, சதுரம், நட்சத்திரம் என்று குறிகள் வரும்; எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று ஓர் இடத்திலும் எழுதியிருக்காது. ஹின்ட் பட்டனும் கிடையாது.

பேனல் மசியவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றுதான்: அந்தக் குறியின் விதியை கேம் உங்களுக்கு இன்னும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தந்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள், அல்லது விதி சரிதான், தேடல்தான் கடினம். முதலாவது என்றால் அங்கே நிற்காமல் நடையைக் கட்டுங்கள். இரண்டாவது என்றால் அந்த வரிசையின் முதல் பேனலுக்குத் திரும்புங்கள். மூன்றாவதுக்குக் காகிதமும் பென்சிலும் எடுங்கள். எந்த வகையில் மாட்டியிருக்கிறோம் என்று பார்க்காமல் அரை மணி நேரம் கோட்டை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் பலரையும் வாக்த்ரூவில், அதாவது விடைகளைப் படிப்படியாகக் காட்டும் வழிகாட்டியில், கொண்டுபோய் விடுகிறது.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. பேனலில் உள்ள ஒவ்வொரு குறியையும் தொட்டு, அதன் விதியை ஒரே வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு குறிக்கு வாக்கியமே வரவில்லை என்றால் முதல் வகை. "அநேகமாக இப்படித்தான்" என்று இழுத்தால் இரண்டாம் வகை.

முதல் பேனலில் செய்ய வேண்டியது

புதுக் குறி அறிமுகமாகும் இடத்தில் ஐந்தாறு பேனல்கள் வரிசையாக இருக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கேபிள் ஓடும்; அதைப் பிடித்துக்கொண்டே போனால் வரிசை தவறாது. முதல் பேனல் குழந்தைக்குக்கூட வரும். ஆபத்தும் அங்கேதான். ஏதோ ஒரு கோடு போட்டதும் ஒளிர்ந்துவிடும், நாமும் அடுத்ததற்குத் தாவிவிடுவோம். தப்பான விதிக்குச் சரியான விடை கிடைத்திருக்கும். நான்காவது பேனலில் போய் முட்டிக்கொள்ளும்.

அதனால் விடை கிடைத்த பிறகும் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். தீர்ந்த பேனல்களில் பெரும்பாலானவற்றில் மறுபடி கோடு போடலாம். மனதில் இரண்டு ஊகங்களை வைத்துக்கொண்டு, ஒன்றின்படி சரியாகவும் மற்றதன்படி தப்பாகவும் வரும் கோட்டை வேண்டுமென்றே இழுத்துப் பாருங்கள். தப்பானால் விதி மீறிய குறிகள் சிவப்பாக மின்னும். அதைவிட நேரடியான பாடம் இந்த கேமில் இல்லை. சில வரிசைகளில் தவறினால் பேனல் அணைந்துபோகும்; முந்தைய பேனலை மறுபடி போட்டால்தான் உயிர் வரும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா வழியையும் முயல்பவர்களைத் தடுக்க வைத்த பூட்டு அது, உங்களுக்குத் தண்டனை இல்லை.

இனி வருவது குறிகளின் விதிகள். அவற்றை நீங்களே கண்டுபிடிக்க விரும்பினால் அடுத்த பகுதியைத் தாண்டி, "எந்த வழியாகப் போவது" என்ற இடத்துக்குப் போய்விடுங்கள்.

குறிகளும் அவற்றின் பொறிகளும்

கோடு ஓடும் பாதையின் மேலேயே இருக்கும் சிறு அறுகோணப் புள்ளி: கோடு அதன் வழியாகப் போயே ஆக வேண்டும். இரண்டு கோடுகள் கண்ணாடிப் பிம்பம் போல் ஓடும் பேனல்களில் நிறப் புள்ளியை அந்த நிறக் கோடுதான் தொட வேண்டும்; கறுப்புப் புள்ளியை எந்தக் கோடு தொட்டாலும் சரி.

நிறச் சதுரம்: கோடு பேனலைப் பல துண்டுகளாகப் பிரிக்கும்; ஒவ்வொரு துண்டும் ஒரு பகுதி. வேறு வேறு நிறங்கள் ஒரே பகுதிக்குள் இருக்கக் கூடாது. ஒரே நிறம் இரண்டு மூன்று பகுதிகளில் சிதறிக் கிடந்தால் குற்றமில்லை. இதை "ஒரே நிறமெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்" என்று படித்துவிடுவதுதான் வழக்கமான தவறு.

இங்கே ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேம் முழுக்க உதவும். தொடக்கமும் முடிவும் ஓரத்தில் இருக்கும் பேனலில், கோடு எத்தனை தடவை ஓரத்தைத் தொடுகிறதோ அத்தனை பகுதிகள் உண்டாகும். ஓரத்தை ஒட்டியே நகர்வதெல்லாம் ஒரே தடவைதான். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. நடுவில் எங்கும் ஓரத்துக்குப் போகவில்லை என்றால் இரண்டே பகுதி. சதுரங்கள் மூன்று நிறங்களில் இருந்தால் குறைந்தது மூன்று பகுதி வேண்டும். அதாவது கோடு நடுவில் ஒரு முறையாவது ஓரத்துக்கு வந்து மீள வேண்டும்.

மூன்றுக்கு மூன்று கட்டப் பேனல் ஒன்றை எண்ணிக்கொள்வோம். இடது நெடுவரிசை முழுக்க வெள்ளை, நடுவில் கறுப்பு, வலதில் மறுபடி வெள்ளை. தொடக்கம் கீழ் இடது மூலை, முடிவு மேல் வலது மூலை. நிறம் இரண்டுதான், ஆனால் பகுதி மூன்று வேண்டும். அடியில் ஒரு கட்டம் வலப்புறம் போய், உச்சி வரை ஏறி, உச்சியில் ஒரு கட்டம் நகர்ந்து, அடி வரை இறங்கி, மறுபடி ஒரு கட்டம் வலப்புறம் போய், வலது ஓரமாக மேலேறினால் முடிந்தது. ஓரத்தைத் தொட்டது அடியில், உச்சியில், பிறகு அடியில் தொடங்கி வலது ஓரம் வரை: மூன்று. முதலில் இடது ஓரமாக உச்சிக்கு ஏறி, பிறகு வளைந்து வந்தாலும் இதே பிரிவு கிடைக்கும். ஒவ்வொரு பேனலுக்கும் விடை ஒன்றுதான் என்று எண்ணி மலைக்க வேண்டாம்.

இன்னொன்று. நான்கு கட்டங்கள் சேரும் ஒரு புள்ளியைச் சுற்றி, சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி இருந்தால், அந்தப் புள்ளியின் நான்கு பக்கமும் கோடு ஓட வேண்டியிருக்கும். கோடு தன்னை வெட்டாமல் அது நடக்காது. அப்படி ஒன்றைப் பார்த்தால் அந்தப் பேனலுக்கு நேர்வழியில் விடை இல்லை என்று அந்த நொடியே சொல்லிவிடலாம். ஒரு புள்ளியைச் சுற்றி மூன்று நிறங்கள் கூடினாலும் இதே கதை.

நட்சத்திரம்: அது இருக்கும் பகுதியில் அதன் நிறத்தில் சரியாக இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும், தன்னையும் சேர்த்து. இரண்டாவது பொருள் நட்சத்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதே நிறச் சதுரம் போதும், அதே நிற டெட்ரிஸ் வடிவமும் (சிறு கட்டங்கள் ஒட்டிச் சேர்ந்த வடிவம்) போதும். ஆரஞ்சு நட்சத்திரம் ஒன்றும் ஆரஞ்சு சதுரம் இரண்டும் ஒரே பகுதியில் விழுந்தால் மூன்றாகிவிடும், தப்பு. கோடு இழுக்கும் முன் ஒவ்வொரு நிறத்தையும் எண்ணுங்கள். ஒரு நிறத்தில் நட்சத்திரம் மட்டுமே, அதுவும் ஒற்றைப்படையில் இருந்தால், பேனலில் வேறெங்கோ ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

டெட்ரிஸ் வடிவங்களில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். பகுதியின் பரப்பு, அதற்குள் உள்ள வடிவங்களின் கட்டங்களைக் கூட்டினால் வரும் எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும். அந்த வடிவங்களை இடைவெளியோ மேலேறலோ இல்லாமல் அடுக்கினால் பகுதி நிரம்ப வேண்டும். குறி வரைந்திருக்கும் கட்டத்தின் மேலேயே அந்த வடிவம் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. குறி பகுதிக்குள் இருந்தால் போதும். இந்த ஒரு வரியை அறியாமல், இந்த வடிவங்கள் வரும் சதுப்பு நிலத்தில் மணிக்கணக்கில் கிடப்பவர்கள் உண்டு. நேராக நிற்கும் வடிவத்தைத் திருப்பக் கூடாது. சாய்வாக வரைந்திருந்தால் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், ஆனால் கண்ணாடியில் தெரிவது போல் புரட்டக் கூடாது. கட்டம் போட்ட காகிதத்தில் வடிவங்களை வெட்டி வைத்துக்கொண்டு நகர்த்திப் பார்ப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அதுதான் வேகமான வழி. புரட்டினால் தெரியும்படி ஒரு பக்கம் மட்டும் வண்ணம் தீட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே வெற்றாக இருக்கும் நீல வடிவம் கழித்தல். 4 கட்ட வடிவத்துடன் 1 கட்ட நீலம் இருந்தால் பகுதி 3 கட்டம். இரண்டும் சமமாகி முழுக்க ரத்தாகிவிட்டால் பகுதி எந்த வடிவத்திலும் இருக்கலாம்.

முக்கோணத்தை கேம் எங்கும் முறையாகப் பாடம் எடுப்பதில்லை. தீவில் அங்கங்கே வீசிக் கிடக்கும் பேனல்களில்தான் அது வரும். ஒரு கட்டத்தில் எத்தனை முக்கோணமோ, அந்தக் கட்டத்தின் நான்கு பக்கங்களில் அத்தனையைக் கோடு தொட வேண்டும். மூன்று உள்ள கட்டத்திலிருந்து தொடங்குங்கள். அது தொடக்க மூலையிலேயே இருந்தால் மேலே, வலப்புறம், கீழே என்றோ, வலப்புறம், மேலே, இடப்புறம் என்றோ இரண்டே வழிகள்.

கடைசியாக, மூன்று கால் குறி. அது இருக்கும் பகுதியில் ஒரு தவற்றை அது அழித்துவிடும். பொறி என்னவென்றால், அழிக்கத் தவறு ஒன்று இருந்தே ஆக வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும் பகுதியில் இந்தக் குறி இருந்தால் குறியே தவறாகிவிடும். ஆகவே "எதைப் பலி கொடுப்பது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன ஒற்றைப்படை நட்சத்திரமும் சதுரங்கப் பலகைச் சிக்கலும் பெரும்பாலும் பலியாளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த வழியாகப் போவது

தீவில் 11 லேசர்கள்; ஓர் இடத்தின் புதிர்களை முடித்தால் அங்குள்ள லேசர் எரியும். 7 எரிந்தால் மலையின் கதவு திறக்கும், கதையை முடித்துவிடலாம். எந்த 7 என்பது உங்கள் விருப்பம்.

தொடக்க முற்றத்தை விட்டு வெளியே வந்ததும் புள்ளிக்கும் சதுரத்துக்கும் இரண்டு வரிசைகள் அருகிலேயே இருக்கும். அவற்றை முடிக்காமல் எங்கும் போகாதீர்கள். பிறகு குறி அறிவு அதிகம் கேட்காத, கண்ணைக் கேட்கும் இடங்களுக்குப் போவது நல்லது. பாலைவனத்தில் பேனலை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் நகர்ந்து வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் கோணத்தைப் பிடிக்க வேண்டும். மரநிழல் தோப்பில் பேனல்மேல் விழும் நிழலே விடை. மடத்தில் எந்த இடத்தில் நின்று வெளியே பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பேனலுக்கு முன்னால் நின்று யோசிப்பது வீண்.

சதுப்பு நிலத்தை மரவீடுகளுக்கும் கல்குவாரிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். டெட்ரிஸ் வடிவம் அங்கேதான் கற்றுத்தரப்படுகிறது, மற்ற இரண்டு இடங்களிலும் அது தலைகாட்டும். நட்சத்திரம் மரவீடுகளில், மூன்று கால் குறி குவாரியில். மரவீடுகளில் சில பேனல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல், அதாவது கோடு முடியும் முனை, உண்டு. கோடு எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அந்தப் பக்கம் பாலம் விரியும். தப்பான பாலம் விரிந்தால் திரும்பி வந்து வேறு வாசல் வழியாகப் போடுங்கள். ஊரை, அதாவது தீவின் நடுவிலுள்ள கட்டடக் கூட்டத்தை, கடைசியில் வையுங்கள். அங்கே எல்லா விதிகளும் கலந்து வரும்.

காட்டுப் பகுதிக்கு ஹெட்போன் வேண்டும். பறவைக் குரலின் ஏற்ற இறக்கமே கோட்டின் ஏற்ற இறக்கம், போகப் போக வேறு ஓசைகள் குழப்பும். பங்கர் எனும் பதுங்கறைக் கட்டடம் முழுக்க நிற வேறுபாட்டை நம்பியிருக்கிறது. காது மந்தமென்றாலும், நிறங்களைப் பிரித்தறிவது சிரமமென்றாலும் இந்த இரண்டையும் கூச்சமில்லாமல் விட்டுவிடுங்கள். மீதி 9 இருக்கிறது.

பேனலுக்கு வெளியேயும் புதிர்கள் உண்டு. ஆறு, சுவர், மேகம் என்று எதிலாவது ஒரு வட்டமும் அதிலிருந்து நீளும் பட்டையும் தெரிந்தால் கோடு இழுக்கும் நிலைக்கு மாறி அந்த வட்டத்தை அழுத்துங்கள். நின்ற இடம் ஒரு அடி மாறினாலும் வட்டம் உடைந்துபோகும். இவை கதையை முடிக்கத் தேவையில்லை.

குகையில் காத்திருக்கும் சவால்

11 லேசர்களையும் எரித்தவர்களுக்கு மலைக்கு அடியில் குகைகள். அங்கே ஓர் இசைத்தட்டுப் பெட்டி. அதை ஓட்டியதும் நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் இரண்டு இசைத்துண்டுகள் ஒலிக்கும். அவை முடிவதற்குள், அதாவது சுமார் ஆறரை நிமிடத்துக்குள், எல்லாப் பேனல்களையும் தீர்க்க வேண்டும். பேனல்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் என்பதால் விடையை மனப்பாடம் செய்ய வழியில்லை.

முதல் சில முயற்சிகளை ஜெயிக்க அல்ல, இடத்தைப் பழகப் பயன்படுத்துங்கள். அடுத்த பேனல் எங்கே, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது காலுக்குப் பழகிவிட்டாலே நிறைய நொடிகள் மிச்சமாகும். மூன்று பேனல்கள் ஒன்றாக வரும் இடத்தில் ஒன்றுக்கு மட்டுமே விடை உண்டு. அங்கே கோடு இழுக்காதீர்கள். முதலில் மூன்றிலும் கண்ணை ஓட்டி, ஒரு புள்ளியைச் சுற்றி நிறங்கள் மாறி மாறி நிற்கும் அந்தச் சதுரங்கப் பலகைச் சிக்கலைத் தேடுங்கள். கண்ணில் பட்டால் அந்தப் பேனலைக் கழித்துவிட்டு நகருங்கள். ஒரே பேனலில் பத்து நொடிக்கு மேல் நின்றால், பெரும்பாலும் விடையில்லாத பேனலின் முன்தான் நிற்கிறீர்கள்.