மஞ்சள் புரூசைட்டை வினிகரில் போடாதீர்கள்
பாகிஸ்தானின் பலூசிஸ்தானில், கில்லா சைபுல்லா மாவட்டத்திலிருந்து வரும் எலுமிச்சை மஞ்சள் புரூசைட் படிகம் உங்களிடம் இருக்கிறதா? அதில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவை நீக்க வினிகர், எலுமிச்சைச் சாறு என எந்த அமிலமும் வேண்டாம். வினிகரால் பாதிக்கப்படாத கடினமான படிகமான குவார்ட்ஸ் சேகரித்துப் பழகிய கை அமிலத்தைத்தான் முதலில் தேடும். புரூசைட்டோ மக்னீசியம் ஹைட்ராக்சைடு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தில் இருப்பதும் இதுதான். அமிலம் பட்டால் படிகமே கரையத் தொடங்கி, முத்துப் போன்ற அந்த அருமையான பளபளப்பு போய்விடும்.

மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினாலே பெரும்பாலும் போதும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவில் இதன் கடினம் 2.5 முதல் 3 வரைதான். தகடு தகடாகவும் பிளக்கும். ஆகவே எடுக்கும்போது படிகத்தைத் தொடாமல் அடிப்பாறையைப் பிடித்துத் தூக்குங்கள். பெட்டியில் குவார்ட்சோடு உரசும்படி வைக்காதீர்கள்.